விபத்தின் செலவு யார் பொறுப்பு? – குய்டோ கலப்ரேசியின் சட்டப் பொருளியல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு சட்ட ஆசிரியரின் கல்வியையும் ஆய்வையும் பற்றி இன்று பேசப்போகிறேன். அவர் அமெரிக்காவின் யேல் சட்டக் கல்லூரியில் பல்லாண்டுகள் பாடம் நடத்திய குய்டோ கலப்ரேசி. நம் சட்டக் கல்லூரிகளில் தீங்கியல் சட்டம் முதலாண்டுப் பாடம். ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கையும் டோனாஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கையும் மனப்பாடமாய்ச் சொல்லும் மாணவர்கூட, இந்தப் பாடத்தின் அடித்தளத்தையே மாற்றிய ஆசிரியரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பதில்லை. அந்தக் குறையைச் சிறிதளவாவது தீர்ப்பது என் முதல் நோக்கம்.

இரண்டாவது நோக்கம் ஒரு கருத்தை உங்கள் முன் வைப்பது. பொருளாதாரம் சட்டத்துக்கு மதிப்பெண் போடும் தேர்வாளர் என்று பலர் நினைக்கிறார்கள். கலப்ரேசியின் வாழ்நாள் உழைப்பு சொல்வது வேறு. இரண்டும் ஒன்றிடம் ஒன்று பாடம் கேட்க வேண்டியவை. நீதிமன்றம் கண்டெடுத்த உண்மை பொருளாதாரக் கோட்பாட்டில் அடங்காதபோது, கோட்பாட்டைத் திருத்த வேண்டிய வேளையும் வரும். இன்றைய பேச்சு முழுவதும் இதைச் சுற்றியே அமையும்.

மிலானிலிருந்து நியூ ஹேவன்

கலப்ரேசி 1932 அக்டோபர் 18 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். தந்தை மாஸ்ஸிமோ இதயநோய் மருத்துவர். முசோலினியின் பாசிச ஆட்சியை எதிர்த்தவர். தாய் பியாங்கா இலக்கியம் கற்றவர். 1939இல், இரண்டாம் உலகப்போர் மூண்ட அதே செப்டம்பரில், குடும்பம் அமெரிக்கா வந்து சேர்ந்து, யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவன் நகரில் குடியேறியது. நாட்டையும் மொழியையும் விட்டுவந்த பெற்றோர், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அண்ணன் பால் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவர் ஆனார்.

தம்பி குய்டோ 1953இல் யேலில் பொருளாதாரப் பட்டம் பெற்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் டோபின் அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர். பிறகு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு சென்று, தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்துப் படித்தார். 1958இல் யேல் சட்டப் பட்டத்தை வகுப்பின் முதல் மாணவராக முடித்தார். ஓராண்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஹ்யூகோ பிளாக்கிடம் எழுத்தராகப் பணியாற்றினார். 1959இல் யேலில் ஆசிரியராகச் சேர்ந்தார். முப்பது வயதை எட்டும் முன்பே முழுப் பேராசிரியர். 1985 முதல் 1994 வரை அந்தக் கல்லூரியின் தலைவர். 1994இல் அதிபர் கிளின்டன் அவரை நியூயார்க்கில் அமர்வு நடத்தும் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாக்கினார்.

இந்த வரிசையில் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. சட்டம் படிக்கும் முன்பே பொருளாதாரத்தையும் தத்துவத்தையும் முறையாகப் படித்தவர் அவர். அதனால் தீங்கியல் வகுப்பில் அமர்ந்தபோது, மற்றவர்களுக்கு வெறும் வழக்குத் தொகுப்பாகத் தெரிந்தது அவருக்குச் செலவுப் பங்கீட்டுக் கணக்காகத் தெரிந்தது.

மாவு ஏற்றிய படகு

அவருக்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதை ஒரே வழக்கில் காட்டலாம். 1944 ஜனவரியில் நியூயார்க் துறைமுகத்தில் 'அன்னா சி' என்ற சரக்குப் படகு கட்டிக் கிடந்தது. உள்ளே அமெரிக்க அரசுக்குச் சொந்தமான மாவு. படகுக் காவலாள் 3ஆம் தேதி மாலை 5 மணிக்கு இறங்கிப் போனவர், திரும்பவில்லை. மறுநாள் 'கரோல்' என்ற இழுவைக் கப்பலின் ஆட்கள் கட்டுக் கயிறுகளை மாற்றிக் கட்டினார்கள். பிற்பகல் 2 மணி அளவில் படகுகள் கட்டறுந்து மிதந்தன. 'அன்னா சி' ஒரு எண்ணெய்க் கப்பலில் மோத, அதன் சுழல்விசிறி படகின் அடியில் ஓட்டை போட்டது. தண்ணீர் இறைக்கும் பம்புகள் பக்கத்துக் கப்பல்களிலேயே இருந்தன. ஓட்டை விழுந்ததைச் சொல்லத்தான் படகில் ஆள் இல்லை. மாவோடு படகு மூழ்கியது.

1947இல் தீர்ப்பெழுதிய நீதிபதி லேர்னெட் ஹேண்ட், கவனக்குறைவை ஒரு சூத்திரமாகவே சொன்னார். விபத்து நேரும் வாய்ப்பை, நேர்ந்தால் வரும் இழப்பால் பெருக்குங்கள். முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் அது கவனக்குறைவு. போர்க்கால நெருக்கடியில், பகல் வேளையில், காவலாளைப் படகில் இருக்கச் செய்வது பெரிய செலவல்ல. ஆகவே படகு நிறுவனமும் இழப்பில் பங்கேற்க வேண்டும் என்றார்.

சூத்திரம் அழகானது. ஆனால் விபத்து நடந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், நீதிமன்ற அறையில் அமர்ந்து, ஒருவர் அன்று என்ன செய்திருக்க வேண்டும் என்று நீதிபதி கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கை விபத்துக்கு முன்பே, துறைமுகத்திலேயே, சரியாகப் போடக்கூடியவர் யார்? கலப்ரேசி தொடங்கிய இடம் இந்தக் கேள்வி.

மூன்று செலவுகள்

1961இல் யேல் சட்ட இதழில் இடரைப் பங்கிடுவதும் தீங்கியல் சட்டமும் பற்றிய அவருடைய முதல் பெரிய கட்டுரை வந்தது. அப்போது அவருக்கு வயது 28. அது 1970இல் 'விபத்துகளின் செலவு' என்ற நூலாக விரிந்தது. நூலின் தொடக்கமே நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும். உயிரைக் காப்பதற்காக எந்த விலையும் கொடுக்கும் சமூகம் எங்கும் இல்லை. வேகமாகப் போகச் சாலை வேண்டும், ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். அவற்றைக் கட்டும்போதும் பயன்படுத்தும்போதும் சிலர் இறப்பார்கள் என்பது தெரிந்தேதான் கட்டுகிறோம். ஆகவே விபத்துச் சட்டத்தின் வேலை, விபத்தால் வரும் செலவையும் விபத்தைத் தவிர்க்க ஆகும் செலவையும் சேர்த்து, மொத்தத்தைக் குறைப்பது. இந்தக் குறைப்பு நீதிக்கு உட்பட்டே நடக்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார்.

அந்த மொத்தத்தை மூன்றாகப் பிரித்தார். முதலாவது, விபத்துகளின் எண்ணிக்கையும் கடுமையும் தரும் செலவு. இரண்டாவது, விபத்துக்குப் பின் இழப்பைத் தனியாளாகச் சுமப்பதால் கூடும் துன்பம். காலை இழந்த கூலித் தொழிலாளிக்கு மருத்துவச் செலவு ஒரு பங்கு என்றால், வேலை போய், கடன் வாங்கி, பிள்ளையின் படிப்பு நிற்பது இன்னொரு பங்கு. அதே தொகையை ஆயிரம் காப்பீட்டுதாரர்கள் பகிர்ந்துகொண்டால் எவர் வாழ்வும் சாயாது. மூன்றாவது, இவற்றை நிர்வகிக்கும் செலவு: நீதிமன்றம், வழக்கறிஞர், காப்பீட்டு அலுவலகம், ஆண்டுக்கணக்கான காத்திருப்பு.

ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். இழப்பு முழுவதையும் அரசே ஏற்றால் இரண்டாம் செலவு குறையும். ஆனால் ஓட்டுநருக்கும் வாகன உற்பத்தியாளருக்கும் கவனம் தளரலாம். ஒவ்வொரு வழக்கிலும் யார் தவறு, எத்தனை விழுக்காடு என்று துருவினால் மூன்றாம் செலவு ஏறும். எந்தச் சட்ட ஏற்பாடும் இந்த மூன்றுக்கும் இடையே செய்யும் ஒரு சமரசமே.

இதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட கோட்பாடு: விபத்தைக் குறைந்த செலவில் தவிர்க்கக்கூடியவர் எவரோ, இழப்பை அவரிடமே விட வேண்டும். 1972இல் ஜான் ஹிர்ஷாஃபுடன் எழுதிய கட்டுரையில் இதை மேலும் கூர்மையாக்கினார். கணக்கை நீதிபதி போட வேண்டியதில்லை; கணக்கைப் போட்டு அதன்படி நடக்கும் வசதி யாருக்கு அதிகம் என்பதை மட்டும் நீதிபதி முடிவு செய்தால் போதும். இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும். இழப்பு தன் தலையில் விழும் என்று தெரிந்தால், எவரும் சொல்லாமலே அவர் அதைச் சரியாகச் செய்வார். ஹேண்ட் வழக்கு முடிந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தார். கலப்ரேசி அடுத்த விபத்தை நோக்கி முன்னே பார்த்தார்.

உரல், உலக்கை, மருத்துவர்

ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொருவரும் தனியாக இந்த நிலத்தை உழுதுகொண்டிருந்தார். ரொனால்டு கோஸ், ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர்; பின்னர் சிகாகோ சட்டக் கல்லூரியில் பேராசிரியர்; 1991இல் நோபல் பரிசு பெற்றவர். 1960 என்று தேதியிட்ட அவருடைய சமூகச் செலவுக் கட்டுரையும் கலப்ரேசியின் 1961 கட்டுரையும் ஒன்றை ஒன்று பாராமல் எழுதப்பட்டவை. சட்டப் பொருளியல் என்ற துறைக்கு இந்த இரண்டும் இரு தூண்கள்.

கோஸ் எடுத்துக்கொண்ட வழக்கு 1879இல் லண்டனில் தீர்க்கப்பட்டது. மிட்டாய் செய்பவர் ஒருவர் தம் சமையற்கட்டில் இரண்டு பெரிய உரல்களில் இடித்து வந்தார்; ஒன்று அதே இடத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. பின்பக்க வீட்டுக்கு ஒரு மருத்துவர் குடிவந்தார். எட்டு ஆண்டுகள் யாருக்கும் தொல்லையில்லை. பிறகு தோட்டத்தின் கடைசியில், மிட்டாய்க்காரர் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். உலக்கை அதிர்வில் நோயாளியின் நெஞ்சொலி கேட்கவில்லை. நீதிமன்றம் மருத்துவருக்குத் தடை உத்தரவு கொடுத்தது.

தொல்லையைச் செய்தவர் மிட்டாய்க்காரர் என்று நாம் சொல்வோம். அறையை அங்கே கட்டாமல் இருந்தால் தொல்லையே இல்லையே என்று கோஸ் கேட்டார். தீங்கு இரு பக்கமும் சேர்ந்து உண்டாக்குவது. பேரம் பேச எந்தச் செலவும் இல்லாத உலகில், உரிமை யாரிடம் இருந்தாலும் இருவரும் பேசி, அதிக மதிப்புள்ள வேலை தொடரும்படி முடித்துக்கொள்வார்கள். உண்மை உலகில் பேரத்துக்குச் செலவு உண்டு. அதனால்தான் சட்டம் உரிமையை யாரிடம் வைக்கிறது என்பது முக்கியமாகிறது.

இரண்டு அண்டை வீட்டார் பேசி முடிக்கலாம். சாலையில் என்ன செய்வது? நாளை தன்மேல் மோதப்போகும் லாரிக்காரரோடு நடந்துபோகிறவர் முன்கூட்டி ஒப்பந்தம் போட முடியுமா? கலப்ரேசி தேர்ந்தெடுத்த களமே பேரத்துக்கு இடமில்லாத களம். அவருடைய ஆய்வு நம் அன்றாட வாழ்வுக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணமும் அதுவே.

உரிமையைக் காக்கும் மூன்று வழிகள்

1972இல் தம் முன்னாள் மாணவர் டக்ளஸ் மெலமெட்டுடன் ஹார்வர்டு சட்ட இதழில் அவர் எழுதிய கட்டுரை, இன்றளவும் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் சட்டக் கட்டுரைகளில் ஒன்று. ரூவான் தேவாலயத்தை ஓவியர் மோனே வெவ்வேறு ஒளியில் திரும்பத் திரும்ப வரைந்தார். தம் கட்டுரை அந்த ஓவிய வரிசையில் ஒன்று மட்டுமே என்று கலப்ரேசியும் மெலமெட்டும் அதன் தலைப்பிலேயே குறிப்பு வைத்தார்கள்.

சட்டம் ஓர் உரிமையை மூன்று வகையில் காக்கலாம் என்பது அவர்கள் வாதம். உரியவர் சம்மதித்து, அவர் சொன்ன விலைக்கு மட்டுமே கைமாறும் உரிமை முதல் வகை. சம்மதம் இல்லாமலும் எடுக்கலாம், நீதிமன்றமோ அரசோ நிர்ணயித்த ஈட்டுத்தொகையைக் கொடுத்தால் போதும் என்பது இரண்டாம் வகை. எவர் சம்மதித்தாலும் விற்கவே முடியாதது மூன்றாம் வகை. வாக்கையோ தன் சுதந்திரத்தையோ விற்க முடியாததுபோல.

1970இல் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பூமர் வழக்கை இதன் ஒளியில் பாருங்கள். ஆல்பனி அருகே ஒரு சிமென்ட் ஆலை. தூசும் புகையும் வெடியதிர்வும் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய நிரந்தர இழப்பு 1,85,000 டாலர் என்று கணக்கிடப்பட்டது. ஆலையின் முதலீடோ நாலரைக் கோடி டாலருக்கு மேல். வேலை செய்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல். பழைய வழக்கப்படி தடை உத்தரவுதான் வந்திருக்க வேண்டும். நீதிமன்றம் நிரந்தர இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலை நடக்கலாம் என்றது. முதல் வகைக் காப்பு இரண்டாம் வகையாக மாறியது.

உரிமை யாரிடம், அதைக் காப்பது முதல் வகையா இரண்டாம் வகையா என்று கலப்ரேசியும் மெலமெட்டும் நான்கு கட்டம் போட்டுப் பார்த்தபோது, அதுவரை எவரும் பேசாத நான்காவது வழி ஒன்று தெரிந்தது: ஆலைக்கு உரிமை உண்டு, ஆனால் அண்டையார் ஈடு கொடுத்து அதை நிறுத்தலாம். ஏறக்குறைய அதே நேரத்தில் அரிசோனா உச்ச நீதிமன்றம் இதையே செய்தது. கால்நடைக் கொட்டகையை நெருங்கி முதியோர் குடியிருப்பைக் கட்டிக்கொண்டே போனது ஒரு நிறுவனம். ஈயும் நாற்றமும் குடியிருப்பவர்களை வாட்டின. கொட்டகை இடம்பெயர வேண்டும். அதற்கான ஈட்டை, மக்களை அங்கே கொண்டுவந்த நிறுவனமே கொடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. கோட்பாடு காகிதத்தில் கண்ட வழியை, அதை அறியாத நீதிபதிகள் நியாய உணர்வால் கண்டார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன கருத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தெய்வம் தரும் வரம்

முதல் நாள் வகுப்பில் கலப்ரேசி கேட்கும் கேள்வி ஒன்று பெயர்பெற்றது. ஒரு தீய தெய்வம் தோன்றி வரம் தருகிறது. வாழ்வை இன்பமாக்கும் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். பதிலுக்கு ஆண்டுதோறும் ஆயிரம் இளைஞர்களின் உயிர் வேண்டும் என்கிறது. ஏற்பீர்களா? மாணவர்கள் முடியாது என்பார்கள். அப்படியானால் இந்த வரத்துக்கும் மோட்டார் வாகனத்துக்கும் என்ன வேறுபாடு என்பார் ஆசிரியர். அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுதோறும் பலியாவோர் அந்த ஆயிரத்தைப்போல் பல மடங்கு.

கேள்வியின் நோக்கம் வாகனத்தை ஒழிப்பதல்ல. நாம் ஏற்றுக்கொண்ட பேரத்தை நாமே மறைத்துக்கொள்கிறோம். அதைக் கண்திறந்து பார்த்தால்தான் பலியைக் குறைக்க வழி தேடுவோம். 1978இல் பிலிப் பாபிட்டுடன் எழுதிய 'துயரத் தேர்வுகள்' நூல் இதையே ஆராய்கிறது. 1960களின் தொடக்கத்தில் சியாட்டில் நகரில் சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் மிகச் சில. யாருக்கு இயந்திரம், யாருக்கு மரணம் என்பதை மருத்துவர் அல்லாத பொதுமக்களும் அடங்கிய ஏழு பேர் குழு தீர்மானித்தது. குடும்பப் பொறுப்பு, வேலை, சமூகப் பங்களிப்பு எல்லாம் எடைபோடப்பட்டன. இந்த அளவுகோல்கள் வெளியே தெரிந்ததும் நாடு அதிர்ந்தது. 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கச் சட்டம் செய்தது. சில பொருள்களை விலையால் பங்கிட்டாலும் மனம் ஏற்பதில்லை, குழு கூடி உத்தரவிட்டாலும் ஏற்பதில்லை. இந்த மன வலியும் ஒரு செலவுதான் என்றார் கலப்ரேசி. அதைக் கணக்கில் சேர்க்காத பொருளாதாரம் குறையுள்ளது.

மில் பக்கம் நின்றவர்

இங்கேதான் அவர் சிகாகோவின் சட்டப் பொருளியல் அறிஞர் ரிச்சர்டு போஸ்னரிடமிருந்து விலகுகிறார். போஸ்னரின் 1973 நூல் சட்டம் முழுவதையும் பொருளாதாரத் திறன் என்ற அளவுகோலால் அளந்தது. அது பெரும் பணி. அதன் கூர்மையை எவரும் மறுக்க முடியாது. ஆனால் 2016இல், எண்பதைத் தாண்டிய வயதில், கலப்ரேசி தம் நூலொன்றில் இரண்டு போக்குகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று தத்துவ அறிஞர் பெந்தாம் வழி: கோட்பாட்டில் நின்று சட்டத்தைப் பார்ப்பது, பொருந்தாததைப் பகுத்தறிவற்றது என்று தள்ளுவது. மற்றொன்று ஜான் ஸ்டூவர்ட் மில் வழி: பொருந்தாத ஒன்று பலகாலமாக மக்களிடையே நிலைத்திருந்தால், அதில் நாம் காணாத காரணம் இருக்கலாம் என்று கோட்பாட்டையே விரித்துப் பார்ப்பது. கலப்ரேசி மில் பக்கம் நின்றார்.

இதற்கு நம் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காட்ட முடியும். மோட்டார் வாகன விபத்தில் இல்லத்தரசி ஒருவர் இறந்துபோகிறார். இழப்பீடு எவ்வளவு? தேசிய வருமானக் கணக்கில் அவருடைய சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் மதிப்பு பூஜ்யம். மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் மதிப்பைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றது. அதாவது ஒரே வேலையைச் செய்த இரண்டு தாய்மார்களின் உழைப்புக்கு, கணவர்களின் சம்பளத்தைப் பொறுத்து வெவ்வேறு மதிப்பு.

தீர்ப்பாயத்தில் தாயை இழந்த குழந்தை நிற்கும்போது நீதிபதியால் பூஜ்யம் என்று எழுத முடியாது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் எழுதிய தீர்ப்பு இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. இறந்த இல்லத்தரசி வெளியே வேலைக்குப் போயிருந்தால் என்ன ஈட்டியிருப்பார், திருமணத்தைச் சம பங்காளிகளின் கூட்டாகக் கொண்டால் அவர் பங்கு என்ன, அவர் செய்த வேலைகளுக்கு ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று மூன்று கணக்கீட்டு முறைகளை விளக்கியது. உச்ச நீதிமன்றம் 2010இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் அந்தத் தீர்ப்பை எடுத்தாண்டது. இல்லத்தரசிகளை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பிரிவில் வைத்ததைக் கண்டித்தது. 2021இல் கீர்த்தி வழக்கில் நீதிபதி என்.வி. ரமணா, 2019 காலப் பயன்பாட்டு ஆய்வை மேற்கோள் காட்டினார்: ஊதியமில்லா வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள்.

இந்தக் கணக்கீட்டு முறைகளைக் கொடுத்தது பொருளாதாரம், குறிப்பாகப் பெண்ணியப் பொருளாதார அறிஞர்கள். கணக்கிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தைக் கொடுத்தது நீதிமன்றம். இந்தத் தீர்ப்புகளில் கலப்ரேசியின் பெயரைத் தேட வேண்டாம். அவர் எழுத்தில் வகுத்த முறை நம் நீதிமன்றங்களில் நடைமுறையாக நிகழ்ந்திருக்கிறது என்பதே என் கருத்து.

செய்ய வேண்டியவை

இதிலிருந்து நமக்குச் சில கடமைகள் பிறக்கின்றன. சட்ட மாணவர்கள் தீங்கியலைப் பொருளாதாரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புகளில் பொருளாதாரத் தாள் இருக்கிறது; ஆனால் அது ஒரு மூலையிலும் வழக்குப் பாடம் மறு மூலையிலும் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியர் இணைத்து நடத்திப் பாருங்கள். பொருளாதார மாணவர்கள் விபத்துத் தீர்ப்பாயங்களுக்குச் சென்று அமர வேண்டும். எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக் கட்டு ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு. அதில் இருக்கும் செய்தி எந்தப் பாடநூலிலும் இல்லை.

இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இழப்பீட்டு மனுவில் வயதையும் வருமானத்தையும் பெருக்குக் காரணியையும் எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த விபத்தைக் குறைந்த செலவில் தவிர்த்திருக்கக்கூடியவர் யார் என்று கேளுங்கள். ஓட்டுநரா? பதினாறு மணி நேரம் அவரை ஓட வைத்த உரிமையாளரா? வளைவில் விளக்குப் போடாத சாலைத் துறையா? அந்தக் கேள்வியை நீங்கள் வாதத்தில் எழுப்பினால்தான் அது தீர்ப்பில் இடம்பெறும். தீர்ப்பில் இடம்பெற்றால்தான் அடுத்த வளைவில் விளக்கு எரியும்.

இழப்பை ஈடு செய்வது சட்டத்தின் பாதி வேலை. அடுத்த இழப்பு நேராமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. அந்த மறுபாதிக்கு முறையான அறிவு உண்டு என்பதை நிறுவியதே கலப்ரேசியின் சாதனை. அந்த அறிவைத் தமிழில் கற்பிக்கவும், தமிழில் வாதிடவும், தமிழில் எழுதவும் நம்மால் முடியும். அதற்கான வேலையை இந்த மன்றத்தில் இருப்பவர்களே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.